மாளும் அணுவும் வாழும் விதையும்

தோன்றின யாவும் மாய்வன என்பது எவரும் அறிந்த உண்மை. ஆயின், உயிர் வாழ்தற்பொருட்டே உடலினுள் நாடோறும் எண்ணிறந்த அணுக்கள் ஒழுங்குபட மாய்கின்றன என்பதும், அம்மாய்வு தடைப்படின் உடல் நோயுறும் என்பதும், அது காலம் முந்தி நிகழின் விளைவு பொய்க்கும் என்பதும் நம்மிற் பலர் எண்ணிப் பாராதன. இவை மேல்நாட்டு ஆராய்ச்சிக் கூடங்களில் வெண்ணிற அங்கி அணிந்தோர் ஆராயும் பொருள்கள். பொருநைக் கரையில் வாழும் நமக்கும் இவற்றிற்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு, அதுவும் நாம் உண்ணும் சோற்றினூடே வரும் தொடர்பு என்பதே நாம் ஈண்டு நிறுவப் புகுந்தது. தேர்வுக்கெனக் குறித்துக்கொண்டு, தேர்வு முடிந்தவுடன் மறந்துவிடத்தக்க பாடம் இஃதன்று. உழவர் கையில் ஏறும் விதையை அளந்தறிய உதவும் அறிவாகவே இதனைக் கொள்ளுதல் வேண்டும் என்பது நமது துணிபு.

முதற்கண், ஒழுங்குபட மாய்தல் என்பது யாதெனக் காண்போம். கார்ப் பருவத்தில் வயல்களில் நீர் நிறைந்தவுடன் தவளைக் குஞ்சுகள் வாலசைத்துத் திரிவதை அனைவரும் கண்டிருப்பர். சின்னாட்களில் அவ்வால் மறைந்துவிடுகிறது. அஃது அறுந்து வீழ்வதுமன்று, அழுகிப் போவதுமன்று. வாலில் உள்ள அணுக்கள் தத்தம் முறை வந்தவுடன் தாமே சுருங்கி, துண்டாகி, அயலணுக்களுக்கு உணவாகிவிடுகின்றன. அவ்வயலிலேயே நிற்கும் நெற்பயிரின் வேரை நுண்ணிதாக அரிந்து கருவியின்கீழ் வைத்து நோக்கின் நீண்ட காற்றறைகள் புலனாகும். அவ்வறைகள் அமைதற்பொருட்டு அவ்விடத்து அணுக்கள் மாய்ந்து இடம் விட்டன. அவை மாயாதிருப்பின், சேற்றில் மூழ்கிய வேருக்கு மேலிருந்து காற்று எட்டாது. நெல் நீரில் நின்று விளையாது. ஆகவே, பிசானம் விளைவதும் அணுக்களின் மரணத்தால் என்று கூறின் அது மிகையாகாது.

இத்தகைய மரணத்தைத் தவளையினத்துக் குஞ்சுகளில் 1842-ஆம் ஆண்டிலேயே கார்ல் வோக்ட் என்னும் அறிஞர் குறித்தார். 1972-ஆம் ஆண்டில் கெர், வில்லி, கரி என்னும் மூவர் இதற்கொரு பெயர் தேடி, அபர்டீன் பல்கலைக்கழகத்துக் கிரேக்க மொழிப் பேராசிரியரை நாடினர். மரத்தினின்று இலை உதிர்தலையும் மலரினின்று இதழ் உதிர்தலையும் குறிக்கும் 'அப்போப்டோசிஸ்' என்னும் சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். நாமும் ஒரு சொல்லைத் தேட வேண்டுமாயின் கிரேக்கத்தினிடம் கையேந்த வேண்டுவதில்லை. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர் எனப் பூவின் பருவங்களைப் பகுத்த நம் முன்னோர், உதிரும் பூவிற்கு 'வீ' என்று பெயரிட்டனர். வீதல் என்பதற்கு இறத்தல் என்பதும் பொருள். உதிர்தலும் இறத்தலும் ஒரு சொல்லில் அடங்கியிருத்தலால், காயத்தாலும் நஞ்சாலும் நேரும் கெடுதியைச் சாவு என்றும், ஒழுங்குபட நிகழும் மாய்வை வீவு என்றும் வழங்கலாம். இக்கட்டுரையில் நாம் அவ்வாறே வழங்குவோம்.

நிற்க. இவ்வீவை நடத்துவது யாது? விலங்கு, பயிர் ஆகியவற்றின் உயிரணுக்களினுள் பொதுவாக மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புக்கள் உள. உணவின் சத்தைப் பிராணவாயுவோடு கூட்டி அணுவிற்கு வேண்டும் ஆற்றலை விளைத்துத் தருவன அவையே. அவ்வேலையில் உதவும் புரதங்களுள் சைட்டோக்ரோம் சி என்பது ஒன்று. சைட்டோக்ரோம் என்னும் பெயர் 1925-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த கீலின் என்பார் இட்டது. மனித உடலில் இப்புரதம் 104 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு மாலை போல்வது. எழுபது ஆண்டுகளாக இதனை வாழ்விற்கு உழைக்கும் ஏவலன் என்றே நூலோர் கருதி வந்தனர். 1996-ஆம் ஆண்டில் சியாவ்டாங் வாங் என்பாரும் அவருடன் உழைத்தோரும், இவ்வேவலனே மைட்டோகாண்டிரியாவின் சுவரைக் கடந்து வெளியே வந்துவிடின் அணுவின் வீவைத் தொடங்கி வைக்கும் தூதனாகிறான் என்று காட்டினர். அறிவுலகம் வியப்புற்றது.

இச்செயல் நிகழுமாற்றை நம் ஆற்றுப் பாசனத்தோடு ஒப்பிட்டுக் கூறலாம். மைட்டோகாண்டிரியாவின் புறச்சுவர் ஒரு மதகு. பேக்ஸ், பேக் என்னும் புரதங்கள் அம்மதகைத் திறப்பன. பிசிஎல்-2 என்னும் புரதமும் அதன் சுற்றமும் திறவாமற் காப்பன. காவல் தோற்று மதகு திறப்பின் சைட்டோக்ரோம் சி வெளிப்படும். வெளிப்பட்டது ஆப்பாஃப்-1 என்னும் புரதத்தோடு சேர, அவ்வாறு சேர்ந்த ஏழு கூறுகள் கூடி ஓர் ஆழி போல அமையும். அவ்வாழி, காஸ்பேஸ் எனப்படும் அரியும் புரதங்களைத் தூண்டும். அவை அணுவின் உட்பொருள்களை அளவறிந்து அரியும். காவல் மிகுந்து மதகு திறவாதே நின்றாலும் கேடுதான். மாய வேண்டிய அணு மாயாது பெருகுதல் புற்றுநோய்க்கு ஒரு வழி. பிசிஎல்-2 அணுவின் மாய்வைத் தடுப்பது என்பதை 1988-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரத்து அறிஞர் வெளிப்படுத்தினர். அக்காவலைத் தளர்த்தும் வெனிட்டோகிளாக்ஸ் என்னும் மருந்து 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரத்தப் புற்றுநோய் ஒன்றிற்கு ஒப்புதல் பெற்றது. ஒரு புரதத்தின் இயல்பை அறிந்ததன் பயன் மருந்தாக நோயாளியின் கையைச் சேர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின என்பதை மாணவர் கருத்திற் கொள்வாராக.

இனி, நெல்லுக்கு வருவோம். பயிர்களில் காஸ்பேஸ் என்னும் புரதம் இல்லை. அவ்வேலையை வேறு புரதங்கள் செய்கின்றன. ஆயினும் பயிர் அணுவின் வீவிலும் மைட்டோகாண்டிரியாவிற்குப் பங்கு உண்டு. ஆண்மலட்டுச் சூரியகாந்தியின் பூவில் சைட்டோக்ரோம் சி வெளிப்பட்டு அணுக்கள் வீவதை 2001-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு அறிஞர் கண்டனர். ஆண்மலடு என்பது யாது? நெற்பூவில் ஆறு மகரந்தப் பைகள் உள. அப்பைகளின் உள்ளே டபீட்டம் என்னும் ஓர் அடுக்கு, இளம் மகரந்தத்திற்குச் செவிலித்தாய் போல நின்று உணவூட்டுகிறது. ஊட்டி முடித்தபின் அச்செவிலி வீந்துவிடுதல் இயற்கை. வீந்தால்தான் மகரந்தம் முதிரும். ஊட்டி முடியுமுன்னே வீந்துவிடின் மகரந்தம் பசித்துச் சுருங்கும். அவ்வாறு சுருங்கிய பயிர் தன் மகரந்தத்தால் தான் கருவுறாது. அதுவே ஆண்மலடு.

இம்மலட்டுத் தன்மையை மனிதன் பயன்படுத்திக்கொண்டமையே வீரிய ஒட்டு நெல்லின் வரலாறு. இரு வேறு நெல்லினங்களைக் கலப்பின் முதல் தலைமுறை மிக்க வீரியத்தோடு விளையும். ஆனால் நெற்பூ தானே தன்னைக் கருவுறச் செய்துகொள்ளும் இயல்பினது. ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தப் பையை நீக்கி ஏக்கர்க் கணக்கிற்கு விதை உண்டாக்குதல் இயலாத செயல். 1970-ஆம் ஆண்டில் சீனத்து ஹைனான் தீவில் யுவான் லாங்பிங் என்பாரின் குழுவினர் காட்டு நெல் ஒன்றைக் கண்டெடுத்தனர். அது மகரந்தமற்றது, அதன் குறை தாய்வழியே வருவது. ஏனெனில் அக்குறை மைட்டோகாண்டிரியாவில் உளது. மைட்டோகாண்டிரியா சூலின் வழியாகவே மகவை அடையும். 1976-ஆம் ஆண்டு முதல் அக்காட்டு நெல்லின் தாய்வழியைக் கொண்ட வீரிய ஒட்டு நெல் சீனத்தில் பரவிற்று. நம் நாட்டிலும் 1994-ஆம் ஆண்டில் முதல் வீரிய ஒட்டு நெற்கள் வெளிவந்தன. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.ஆர்.எச். 1 அவற்றுள் ஒன்று.

அக்காட்டு நெல்லின் மகரந்தம் ஏன் கெடுகிறது என்பது நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2013-ஆம் ஆண்டில், குவாங்சௌ நகரத்து ஆராய்ச்சியாளரால் தெளிவாயிற்று. அதன் மைட்டோகாண்டிரியாவில் டபிள்யூ.ஏ. 352 என்னும் புதுப்புரதம் ஒன்று உண்டாகிறது. 352 என்பது அதன் அமினோ அமிலங்களின் தொகை. அப்புரதம், உட்கரு அனுப்பி வைத்த காக்ஸ்-11 என்னும் நற்புரதத்தைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைக் கெடுக்கிறது. தீங்கு பயக்கும் பெராக்சைடுகள் பெருகுகின்றன. டபீட்டம் காலம் முந்தி வீந்துவிடுகிறது. இப்புரதத்தை அடக்கும் மீட்பு மரபலகுகள் சில நெல்லினங்களின் உட்கருவில் உள. அவற்றைத் தந்தையாகக் கொண்டு பெற்ற விதையையே உழவர் விலை கொடுத்து வாங்குகின்றனர். அப்பயிர் மலடன்று, நன்கு விளையும். ஆயின் அதன் விளைச்சலில் விதை எடுத்து மறுமுறை விதைப்பின் ஒன்று நெடிதாகவும், ஒன்று குறிதாகவும், ஒன்று முந்தியும், ஒன்று பிந்தியும், சில மலடாகவும் நிற்கும். ஆதலின் ஆண்டுதோறும் விதைக்கடையை நாட வேண்டியதாகிறது.

இதுகாறும் கூறியது அறிவியல். இனிக் கூறுவது நமது கருத்து.

ஒரே தாய்வழியில் ஒரு நாட்டுப் பயிர் முழுவதையும் நிறுத்துதல் பேதைமை. இதனை வெறும் அச்சத்தாற் கூறுகின்றோம் அல்லோம். நடந்த செய்தி உண்டு. அமெரிக்காவில் மக்காச்சோள விதை செய்வோர் டெக்சாஸ் சைட்டோபிளாசம் என்னும் ஆண்மலட்டுத் தாய்வழியைக் கண்டு மகிழ்ந்து, 1970-ஆம் ஆண்டளவில் அந்நாட்டு மக்காச்சோளத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கை அதன்மேல் நிறுத்திவிட்டனர். அவ்வாண்டில் ஒரு பூஞ்சணத்தின் புதுவகை தோன்றி இலைக்கருகல் நோயை விளைத்தது. நாட்டு விளைச்சலில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவில் அழிந்தது. காரணம் பின்னர்த் தெரிந்தது. அத்தாய்வழியின் மைட்டோகாண்டிரியாவில் யூ.ஆர்.எஃப். 13 என்னும் புரதம் ஒன்று உண்டு. மகரந்தத்தைக் கெடுத்து விதை வணிகர்க்கு உதவிய அப்புரதமே, பூஞ்சணத்தின் நஞ்சு வந்து பற்றியவுடன் மைட்டோகாண்டிரியாவின் சுவரில் துளையாகி அணுவைக் கொன்றது. நன்மைக்கு வாயிலாக இருந்ததே தீமைக்கும் வாயிலாயிற்று. இதனினும் வருந்தத்தக்கது ஒன்று: அத்தாய்வழிச் சோளம் இந்நோய்க்கு எளிதில் இரையாகிறது என்று பிலிப்பைன் தீவுகளிலிருந்து 1961-ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை வந்திருந்தது. கேட்பார் இல்லை.

மறுதரப்பாரின் கூற்றையும் நடுநிலையோடு நோக்குதல் முறை. வீரிய ஒட்டு நெல் நல்ல நிலத்தில் மிகுந்து விளைகிறது. பெருகும் மக்கட்டொகைக்கு உணவு வேண்டும். காட்டு நெல்லின் தாய்வழி சீனத்தில் பல்லாண்டு பயிராகியும் மக்காச்சோளத்திற்கு நேர்ந்த கேடு அதற்கு நேரவில்லை என்பர். இம்மூன்றும் உண்மை. மேலும், நம் நாட்டில் 1965-ஆம் ஆண்டில் வெளிவந்த எச்.பி. 1 முதலிய வீரிய ஒட்டுக் கம்புகள் 1970-ஐ அடுத்த ஆண்டுகளில் அடிச்சாம்பல் நோயால் பெரிதும் கெட்டன. அப்போது தாய்வழியையே பலர் பழித்தனர். பின்னர் நடந்த ஆராய்ச்சி, அந்நோய்க்குத் தாய்வழி காரணமன்று, பெற்றோர் இனங்கள் சிலவாய்க் குறுகியிருந்ததே காரணம் என்று காட்டிற்று. ஆகவே, ஆண்மலட்டுப் புரதம் எதுவாயினும் அது கூற்றுவனே என்று கூச்சலிடுவோரோடு நாம் சேரோம். ஒரு புரதம் இன்று தீங்கு செய்யவில்லை என்பதும் உண்மை. நாளை எப்பூஞ்சணம் எந்நஞ்சோடு வரும் என்பதை எவரும் முன்னறியார் என்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே மனத்திற் கொண்டு நடப்பதே அறிவுடைமை.

இவ்வறிவுடைமை நம் நாட்டிற்குப் புதிதன்று. பொருநை ஆறு ஒன்றே. ஆயினும் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என அதன்மேல் அணைகள் எட்டு. ஒரே பேரணையிற் கட்டிவைத்து நாடு முழுவதற்கும் ஒரே கால்வாயில் நீர் விட்டிருக்கலாமே என்று எவரும் கூறார். ஓர் அணை உடைந்தால் அதன் கால்வாய் நம்பிய வயல் மட்டுமே வாடும், ஏனையவை பிழைக்கும். நீரில் இத்துணைக் கருத்தாக இருந்தவர் வழிவந்த நாம், விதையில் கருத்தின்றி இருத்தல் தகுமா?

எனவே, நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, விதைப்பையின்மேல் முளைப்புத் திறன், தூய்மை, நாள் முதலியவற்றை அச்சிடுதல் போல, வீரிய ஒட்டு விதையாயின் அஃது எத்தாய்வழியைச் சார்ந்தது என்பதையும் தமிழில் அச்சிடுதல் வேண்டும். உழவருக்கு இது விளங்காது என்று கூறுவோர் உழவரை அறியாதோர். வித்தின் பெயர், வயது, நெல்லின் பருமை ஆகியவற்றை அவர் நினைவில் வைத்துள்ள அளவிற்கு நம் மாணவர் பாடத்தை நினைவில் வைத்திருப்பரேல் ஆசிரியர் மகிழ்வர். ஒரூரில் யாவரும் ஒரே தாய்வழியை விதைக்கின்றனர் என்பது தெரிந்தால், சிலரேனும் மாற்று விதையை நாடுவர். தெரியாததை எவ்வாறு மாற்றுவது?

இரண்டாவது, தன்னைப்போல் விளையும் நிலையான இரகங்களைக் கைவிடாது காத்தல் வேண்டும். அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அது 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16, 'அம்பை 16' என்னும் பெயரோடு இப்பள்ளத்தாக்கிற்கு அப்பாலும் சென்று புகழ் பெற்றது. அதன் விளைச்சலிலிருந்து உழவர் தாமே விதை எடுத்து வைத்து, அடுத்த பருவத்தில் விதைக்கலாம். அயலார்க்கும் அளந்து கொடுக்கலாம். இத்தகைய இரகங்களை வளர்க்கும் நிலையங்களுக்குப் பொருளும் ஆளும் குறைவின்றி அளித்தல் அரசின் கடமை. வீரிய ஒட்டு விதை செய்வோரும் பல தாய்வழிகளை வைத்துப் பணி செய்தல் வேண்டும். எளிதாய்க் கைக்கு அகப்பட்ட ஒன்றையே பற்றி நிற்றல் அவர்க்கு ஊதியமாகலாம். நாட்டிற்கு அரண் ஆகாது.

மூன்றாவது நம்மைப் பற்றியது. ஆதலின் அதனைச் சற்று வற்புறுத்திக் கூறுகின்றோம். அணுவின் வீவு பற்றிய பாடம் நம் கல்லூரிகளில் படத்தாலும் குறிப்பாலும் நடைபெறுகின்றது. மாணவன் பிசிஎல்-2 என்று எழுதி மதிப்பெண் பெறுகிறான். கல்லூரிக்கு வெளியே நிற்கும் நெற்பூவினுள் அதற்கு இணையான செயல் நிகழ்வதை அவன் கண்டதில்லை. காண்பது அரிதன்று. நெற்கதிர் வெளிப்பட்டு, பூ மலரும் நிலையில் உள்ள ஒரு மணியைக் கொய்து, அதன் மகரந்தப் பையைக் கண்ணாடித் துண்டின்மேல் நசுக்கி, ஒரு துளி அயோடின் கரைசல் இட்டு நோக்கினாற் போதும். நல்ல மகரந்தம் மாவுச்சத்து நிறைந்து, உருண்டு, கருநிறம் கொள்ளும். ஆண்மலட்டுப் பயிரின் மகரந்தம் சுருங்கி, நிறம் ஏலாது கிடக்கும். ஒரு நுண்காட்டியும் சிறிதளவு அயோடினும் எக்கல்லூரியில் இல்லை? தாவர நூல் மாணவரும் விலங்கு நூல் மாணவரும் ஒரு பிசானப் பருவத்தில் அருகிலுள்ள வயல்களுக்குச் சென்று, எவ்வூரில் எவ்விதை விதைக்கப்பட்டது, எங்கிருந்து வந்தது, மகரந்தம் எவ்வாறு உளது என்று குறித்து வருவரேல், அக்குறிப்பு நம் கல்லூரிக்கு ஒரு செல்வம்; உழவர்க்கு ஒரு துணை. பத்தாண்டு தொடர்ந்து குறித்தால், இப்பள்ளத்தாக்கின் விதை வரலாறே நம் கையில் இருக்கும். வேளாண்துறையிலும் மருத்துவத் துறையிலும் பணிபுரியும் பழைய மாணவர் பலர் இம்முயற்சிக்கு வழிகாட்டியாகலாம்.

ஒன்று கூறி முடிப்போம். அணுவின் வீவை ஆராய்ந்தோர் கண்ட பேருண்மை, மாய்வு தன்னளவில் தீதன்று என்பது. தவளைக் குஞ்சின் வால் மாய்ந்து தவளை கரையேறுகிறது; வேரின் அணு மாய்ந்து வேர் மூச்சுவிடுகிறது; செவிலியடுக்கு மாய்ந்து மகரந்தம் முதிர்கிறது. தீதாவது காலமும் இடமும் தவறிய மாய்வு. அதனை வருவிப்பது பெரும்பாலும் ஒரு சிறு புரதம். அப்புரதத்தை அறிந்தோர் அதனை மருந்தாக்கினர், விதையாக்கினர். அறியாது பெருக்கினோர் ஒரு பருவத்தில் விளைச்சலை இழந்தனர். அறிவதும் அறியாதிருப்பதும் இவ்வளவு வேறுபாடு விளைக்குமாயின், அறியும் வாய்ப்புப் பெற்ற நாம் வாளாவிருத்தல் எவ்வாறு பொருந்தும்? வரும் பிசானத்தில் கதிர் வெளிவரும் நாளில் நுண்காட்டியோடு வயலுக்குச் செல்ல நம் மாணவர் முன்வருவார்களாக.